பல டொமைன், ஒரே தளம்: எந்த வழியில் இணைப்பது?

ஒரு தளத்துக்கு மூன்று நான்கு டொமைன் பெயர்கள் இருப்பது இன்று சர்வ சாதாரணம். டாட் காம் வாங்கும்போதே டாட் நெட்டையும் டாட் ஆர்கையும் சேர்த்து வாங்கிவிடுகிறோம். பிழையாகத் தட்டுபவர்களுக்காக ஒன்று, நிறுவனத்தின் பழைய பெயரில் ஒன்று, விளம்பரத்தில் போடுவதற்குச் சின்னதாக ஒன்று என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். வாங்குவதில் சிரமமே இல்லை. வாங்கிய பெயர்களை ஒரே தளத்துக்கு எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதில்தான் பலரும் அதிகம் யோசிக்காமல், கண்ணில் பட்ட முதல் வழியைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எந்த வழியில் செய்தாலும் முதல் நாள் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். பெயரைத் தட்டினால் தளம் வரும், வேலை முடிந்தது என்று தோன்றும். வேறுபாடு சில மாதங்கள் கழித்துத்தான் வெளியே வரும். தேடலில் நீங்கள் எதிர்பார்த்த பெயருக்குப் பதில் இன்னொன்று வந்து நிற்கும். ஒருவர் உள்ளே லாகின் செய்திருந்தும் தளம் மறுபடி பாஸ்வேர்டு கேட்கும். ஒரு பெயரில் மட்டும் பிரவுசர் சிவப்பு எச்சரிக்கை காட்டும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு பெயரைத் தளத்தின் சொந்தப் பெயராக முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாப் பெயர்களையும் 301 ரீடைரக்ட் மூலம், அதாவது இந்த முகவரி நிரந்தரமாக அங்கே மாறிவிட்டது என்று சர்வர் பிரவுசருக்குச் சொல்லும் பதில் மூலம், அதற்குத் திருப்பிவிடுங்கள். எந்தப் பக்கத்தைக் கேட்டு வந்தாரோ அந்தப் பக்கத்துக்கே அவர் போய்ச் சேர வேண்டும். எல்லாப் பெயர்களுக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ், அதாவது இந்தப் பெயருக்குரிய சர்வர் இதுதான் என்று பிரவுசருக்கு உறுதிசெய்யும் சான்று, இருக்க வேண்டும். பெரும்பாலான தளங்களுக்கு இதுதான் சரி. மற்ற வழிகளுக்கும் இடம் உண்டு, ஆனால் ஒவ்வொன்றுக்கும் இடம் குறுகியது. அது ஏன் என்று பார்ப்போம்.

ஒரு கோரிக்கை போகும் பாதை

உதாரணத்துக்கு எக்ஸாம்பிள்.காம் என்பது நம் தளம், எக்ஸாம்பிள்.நெட் என்பது கூடுதலாக வாங்கிய பெயர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே இப்படி எடுத்துக்காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெயர்கள்.

ஒருவர் பிரவுசரில் டாட் நெட் முகவரியைத் தட்டுகிறார். பிரவுசர் முதலில் டிஎன்எஸ்ஸிடம், அதாவது டொமைன் பெயர்களுக்கான இணைய முகவரிப் புத்தகத்திடம், போய் இந்தப் பெயருக்கு ஐபி முகவரி என்ன என்று கேட்கிறது. டிஎன்எஸ் ஒரு எண்ணைத் தருகிறது. அத்தோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்தது. எந்தப் பக்கம் திறக்க வேண்டும், முகவரிப் பட்டியில் எந்தப் பெயர் தெரிய வேண்டும் என்பதெல்லாம் அதற்குத் தெரியவே தெரியாது.

அடுத்து பிரவுசர் அந்த ஐபியில் இருக்கும் சர்வரோடு பாதுகாப்பான இணைப்பை ஏற்படுத்துகிறது. அப்போதே, எனக்கு எக்ஸாம்பிள்.நெட் வேண்டும் என்று பெயரைச் சொல்லிவிடுகிறது. சர்வர் அந்தப் பெயருக்கான சான்றிதழைக் காட்ட வேண்டும். டாட் காமின் சான்றிதழைக் காட்டினால் பிரவுசர் அங்கேயே நின்றுவிடும். சான்றிதழ் சரியாக இருந்தால்தான் உண்மையான கோரிக்கை போகும். அதில் ஹோஸ்ட் என்ற வரியில் மறுபடியும் பெயர் இருக்கும். ஒரே ஐபியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இயங்க முடிவது இந்த வரியால்தான். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறைக்கு எச்டிடிபி என்று பெயர்; 1997இல் வந்த எச்டிடிபி 1.1 இதைக் கட்டாயமாக்கியது. சர்வர் அந்தப் பெயரைப் பார்த்து, ஒன்று பக்கத்தைக் கொடுக்கும், அல்லது வேறு முகவரிக்குப் போ என்று சொல்லும், அல்லது இந்தப் பெயரே எனக்குத் தெரியாது என்று ஏதோ ஒரு இயல்புநிலைப் பக்கத்தைக் காட்டும்.

ஆக டிஎன்எஸ், சான்றிதழ், சர்வர் என்று மூன்று இடங்களில் வேலை இருக்கிறது. டிஎன்எஸ்ஸில் மட்டும் மாற்றிவிட்டு ஏன் வரவில்லை என்று கேட்பவர்களுக்கு, மற்ற இரண்டும் பாக்கி என்பதுதான் பதில்.

டிஎன்எஸ்ஸில் ஒரு பெயருக்கு எழுதிவைக்கும் ஒவ்வொரு பதிவையும் ரெக்கார்டு என்பார்கள். அவற்றில் சிநேம் ரெக்கார்டு விஷயத்தில் குழப்பம் இன்னும் அதிகம். டாட் நெட்டுக்கு ஒரு சிநேம் போட்டு டாட் காமைக் குறிப்பிட்டால் பார்வையாளர் டாட் காமுக்குப் போய்விடுவார் என்று நம்புகிறார்கள். போக மாட்டார். இந்தப் பெயருக்கு ஐபி வேண்டுமானால் அந்தப் பெயரிடம் கேட்டுக்கொள் என்று மட்டுமே சிநேம் சொல்கிறது. முகவரிப் பட்டியில் டாட் நெட் அப்படியே இருக்கும், ஹோஸ்ட் வரியிலும் டாட் நெட்தான் போகும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிநேம் இருக்கும் பெயரில் வேறு ரெக்கார்டு எதுவும் இருக்கக் கூடாது என்பது 1987லிருந்தே டிஎன்எஸ் விதி. டொமைனின் உச்சிப் பெயரில், அதாவது டபிள்யூடபிள்யூடபிள்யூ போன்ற முன்னொட்டு எதுவும் இல்லாத வெறும் பெயரில், அந்த டொமைனை நிர்வகிக்கும் சர்வர்கள் எவை என்பது போன்ற விவரங்களைச் சொல்லும் எஸ்ஓஏ, என்எஸ் ரெக்கார்டுகள் கட்டாயம் இருக்கும். அதனால் அங்கே சிநேம் போட முடியாது. சில டிஎன்எஸ் சேவைகள் அலியாஸ் என்றோ ஏநேம் என்றோ மாற்று ரெக்கார்டு தருகின்றன. இல்லையென்றால் ஏ ரெக்கார்டில் ஐபியை நேரடியாகக் கொடுக்க வேண்டியதுதான்.

ஏ ரெக்கார்டை மாற்றும்போது புதிய வகை ஐபி முகவரியான ஐபிவி6-க்கான ஏஏஏஏ ரெக்கார்டையும் பார்த்துவிடுங்கள். ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனை விற்ற நிறுவனம், தளம் இல்லாத பெயருக்கு வைக்கும் பார்க்கிங் பக்கத்தைக் காட்டும் பழைய ஏஏஏஏ அப்படியே கிடந்தால், சிலருக்குத் தளம் வரும், சிலருக்கு விளம்பரப் பக்கம் வரும். காரணம் தெரியாமல் மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

எல்லாப் பெயரிலும் தளத்தை அப்படியே காட்டுவது

முதல் வழி இது. அப்பாச்சி என்ற சர்வர் மென்பொருளில் சர்வர்அலியாஸ் என்ற வரியிலோ, அதுபோன்ற இன்னொரு மென்பொருளான என்ஜின்எக்ஸில் சர்வர்நேம் வரியிலோ இரண்டாவது பெயரையும் சேர்த்துவிட்டால் போதும். ஹோஸ்டிங் கண்ட்ரோல் பேனல்களில் அலியாஸ் டொமைன், பார்க்டு டொமைன் என்ற பெயர்களில் இருப்பதும் பெரும்பாலும் இதுதான். இரண்டு பெயரிலும் ஒரே தளம் வரும், முகவரிப் பட்டியில் அவரவர் தட்டிய பெயரே இருக்கும்.

எளிமையான வழி என்பதால் இதற்கு ஈர்ப்பு அதிகம். ஆனால் பிரவுசரைப் பொறுத்தவரை இவை இரண்டும் வெவ்வேறு தளங்கள். லாகின் போன்றவற்றை நினைவில் வைக்கத் தளம் பிரவுசரில் போட்டுவைக்கும் சிறு குறிப்பான குக்கீ ஒரு டொமைனிலிருந்து இன்னொரு டொமைனுக்குப் போகாது. டாட் காமில் லாகின் செய்தவர் டாட் நெட்டில் அந்நியர். டாட் நெட்டில் கூடையில் போட்ட பொருள் டாட் காமில் இருக்காது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு தானாக வராது. வேறு சேவையின் கணக்கைக் கொண்டு லாகின் செய்யும் வசதி வைத்திருந்தால், திரும்பி வரவேண்டிய முகவரியாக ஒரு பெயரை மட்டுமே பதிந்திருப்பீர்கள், இன்னொன்றில் பிழை வரும். பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் டிஜிட்டல் சாவியான பாஸ்கீ இன்னும் கறாரானது. எந்த டொமைனில் உருவாக்கினோமோ அந்த டொமைனோடு அது கட்டுண்டது.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் ஒன்று இருக்கிறது. 2023 ஜூலையில் ட்விட்டர் தன் பெயரை எக்ஸ் என்று மாற்றியபோது, எக்ஸ்.காம் என்று தட்டினால் ட்விட்டர்.காமுக்குத்தான் திருப்பிவிட்டார்கள். திசை தலைகீழாக மாறியது 2024 மே மாதத்தில். அதோடும் முடியவில்லை. 2025 அக்டோபர் கடைசியில், பாதுகாப்புச் சாவி வைத்து லாகின் செய்பவர்கள் நவம்பர் 10க்குள் அதை மறுபடி பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். பழைய சாவிகள் ட்விட்டர்.காம் என்ற பெயரோடு கட்டுண்டிருந்ததுதான் காரணம். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே பெயரை மாற்றி இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வால் அறுபடவில்லை. தளத்தின் பெயர் என்பது லாகினின் அடித்தளம் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

அடுத்து தேடுபொறி. ஒரே பக்கம் இரண்டு முகவரியில் இருந்தால் கூகுள் தண்டனை தரும் என்றொரு பயம் பரவலாக இருக்கிறது. அப்படி ஒன்றும் இல்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் தேடலில் காட்டும், அவ்வளவுதான். ஆனால் தேர்ந்தெடுப்பது கூகுள், நீங்கள் அல்ல. வெளியிலிருந்து வரும் இணைப்புகள் சில காமுக்கும் சில நெட்டுக்கும் என்று பிரியும். பார்வையாளர் கணக்குப் புள்ளிவிவரமும் இரண்டாகக் கிடக்கும். விளம்பரத்தில் காமைப் போட்டுவிட்டு, தேடலில் நெட் வந்து நிற்பதைப் பார்ப்பது யாருக்கும் சந்தோஷமாக இருக்காது.

இந்த வழிதான் சரி என்ற இடமும் இருக்கிறது. ஒரே மென்பொருளை வைத்துப் பல வாடிக்கையாளர்களுக்குத் தளம் நடத்துகிறீர்கள், ஒவ்வொருவரும் தங்கள் சொந்த டொமைனைக் கொண்டுவருகிறார்கள் என்றால், அங்கே ரீடைரக்ட் செய்யக் கூடாது. அவரவர் பெயரில் அவரவர் தளம் நிற்க வேண்டும். அதுபோல ஒவ்வொரு நாட்டுக்கும் தனி டொமைன் வைத்து, விலையும் மொழியும் வேறாகக் காட்டுபவர்களுக்கும் இதுவே வழி. ஆனால் அப்போது பக்கங்களுக்கு இடையே எச்ரெஃப்லாங் குறிப்பு போட்டு, எது எந்த மொழிக்கு, எந்த நாட்டுக்கு என்று தேடுபொறிக்குச் சொல்லிவிட வேண்டும். உள்ளடக்கத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் நாட்டு டொமைன்களை மட்டும் வாங்கி அடுக்கியிருப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் சேர மாட்டார்கள்.

வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் நடத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. அலியாஸாகப் பெயரைச் சேர்த்தாலும், அமைப்புகளில் தள முகவரி என்று கொடுத்திருக்கும் பெயருக்கு வேர்ட்பிரஸ் தானாகவே 301 மூலம் திருப்பிவிடும். பலருக்கும் தாங்கள் அறியாமலே சரியான வழி அமைந்துவிடுவது இப்படித்தான். ஆனால் பக்கங்களுக்கு மட்டும்தான் இது நடக்கும். படங்கள், பிடிஎஃப் போன்ற கோப்புகளை சர்வர் நேரடியாகக் கொடுத்துவிடுவதால் அவை பழைய பெயரிலும் வந்துகொண்டிருக்கும்.

கனானிகல் குறிப்பு

எல்லாப் பெயரிலும் தளத்தைக் காட்டியபடியே, ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் இதன் அசல் முகவரி டாட் காமில் இருக்கிறது என்று எழுதிவைப்பது இன்னொரு வழி. 2009 பிப்ரவரியில் கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து கொண்டுவந்தது இது. அதே ஆண்டு டிசம்பரிலிருந்து வேறு வேறு டொமைன்களுக்கு இடையிலும் கூகுள் இதை ஏற்றுக்கொள்கிறது.

ரீடைரக்ட் செய்ய முடியாத இடத்தில் இது கை கொடுக்கும். உங்கள் கட்டுரையை இன்னொரு தளமும் மறுபதிப்பு செய்கிறது என்றால் இதுதான் சரியான கருவி. ஆனால் இது தேடுபொறிக்கான குறிப்பு மட்டுமே. கட்டளை அல்ல, மற்ற அடையாளங்கள் வேறு மாதிரி சொன்னால் கூகுள் இதை மீறும். மனிதர்களுக்கு இதனால் ஒரு மாற்றமும் இல்லை. அவர்கள் டாட் நெட்டிலேயே இருப்பார்கள், அங்கிருந்தே இணைப்பைப் பகிர்வார்கள், லாகின் சிக்கலும் அப்படியே இருக்கும். ரீடைரக்ட் செய்ய முடிகிற இடத்தில் கனானிகலோடு நிறுத்திக்கொள்வது பாதி வேலை. இரண்டையும் சேர்த்துச் செய்யலாம், செய்யவும் வேண்டும். முதன்மைத் தளத்தின் பக்கங்கள் தங்களையே கனானிகலாகக் குறிப்பது நல்ல பழக்கம்.

ஃபிரேம் வைத்து மறைப்பது

ரெஜிஸ்ட்ரார் தளங்களில் ஃபார்வர்டிங் பக்கத்துக்குப் போனால் மாஸ்கிங் என்றோ கிளோக்கிங் என்றோ ஒரு தேர்வு இருக்கும். இதைத் தேர்ந்தெடுத்தால் டாட் நெட்டில் ஒரு வெற்றுப் பக்கம் உருவாகி, அதற்குள் ஒரு ஃபிரேமில் டாட் காம் திறக்கும். முகவரிப் பட்டியில் டாட் நெட் மாறாமல் இருக்கும்.

இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். உள்ளே எத்தனை பக்கம் போனாலும் முகவரிப் பட்டி அசையாது. எதையும் புக்மார்க் செய்ய முடியாது, நண்பருக்கு ஒரு குறிப்பிட்ட பக்கத்தை அனுப்ப முடியாது. வெளிப்பக்கத்தில், திரை அகலத்துக்கேற்பப் பக்கத்தைப் பொருத்தும் வியூபோர்ட் அமைப்பு இல்லாததால் கைப்பேசியில் எழுத்துகள் பொடிப்பொடியாகத் தெரியும். ஃபிரேமுக்குள் இருக்கும் தளத்தின் குக்கீகளைப் பிரவுசர் மூன்றாம் தரப்புக் குக்கீயாகக் கருதும். சஃபாரி 2020 மார்ச்சிலிருந்தே அவற்றை முழுமையாகத் தடுக்கிறது, அங்கே லாகினே நிற்காது. போதாக்குறைக்கு, கவனமாக அமைத்த தளங்கள் தங்களை இன்னொருவர் ஃபிரேமுக்குள் வைக்க முடியாதபடி எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் போன்ற தலைப்பு வரிகளைக் கட்டியிருக்கும். அப்போது வெற்றுப் பக்கம்தான் வரும். அந்தத் தடையை நீக்கினால் வேறு யாரும் உங்கள் தளத்தைத் தங்கள் பக்கத்துக்குள் ஒளித்துவைத்து பயனரை ஏமாற்றி கிளிக் செய்யவைக்க வழி திறந்துவிடும். முகவரிப் பட்டியில் ஒரு பெயர் தெரிய வேண்டும் என்ற சிறிய ஆசைக்கு இவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

ரெஜிஸ்ட்ராரின் சாதாரண ஃபார்வர்டிங்

மாஸ்கிங் இல்லாத ஃபார்வர்டிங் நேர்மையானது. ரெஜிஸ்ட்ராரின் சர்வரே 301 பதிலைக் கொடுத்து டாட் காமுக்கு அனுப்பிவிடும். உங்களிடம் சர்வர் இல்லை, தளம் ஏதோ ஒரு தளம் கட்டும் சேவையில் இருக்கிறது என்றால் இது வசதியான வழி. ஆனால் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள்.

முதலாவது, எச்டிடிபியின் பாதுகாப்பான வடிவமான எச்டிடிபிஎஸ். சில சேவைகளில் ஃபார்வர்டிங் சாதாரண எச்டிடிபியில் மட்டுமே வேலை செய்யும். இன்றைய பிரவுசர்கள் பெயரைத் தட்டியதும் பாதுகாப்பான இணைப்பையே முதலில் முயல்கின்றன. எங்கோ யாரோ போட்ட பழைய இணைப்பு எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினாலும் கதை அதேதான். ரீடைரக்ட் வருவதற்கு முன்பே சான்றிதழ் பிழையோ இணைப்புப் பிழையோ வந்து நிற்கும். இரண்டாவது, முகவரியின் பின்பகுதி. டாட் நெட்டில் ஒரு உள்பக்கத்தைக் கேட்டவரை டாட் காமின் முகப்பில் கொண்டுபோய் இறக்கிவிடும் சேவைகள் உண்டு. புதிதாக வாங்கிய, இதுவரை தளமே இல்லாத பெயர் என்றால் இது பெரிய குறை அல்ல. பத்து ஆண்டு நடத்திய பழைய தளத்தின் பெயர் என்றால் இது பேரிழப்பு. வாசகர் தேடி வந்த பக்கம் கிடைக்காமல் போவார். எல்லாப் பக்கங்களும் முகப்புக்கே போகின்றன என்று கண்டால் கூகுள் அதைக் காணாத பக்கமாகவே எண்ணக்கூடும். மூன்றாவது, அது அனுப்புவது நிரந்தரமான 301-ஆ, தற்காலிகமான 302-ஆ என்பது. அமைப்புகளில் பெர்மனன்ட், டெம்பரரி என்று கேட்கும்.

மூன்றிலும் தேறினால் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

சொந்த சர்வரிலோ சிடிஎன்னிலோ 301

இதுதான் நான் பரிந்துரைக்கும் வழி. என்ஜின்எக்ஸில் கூடுதல் பெயர்களுக்கென்று தனி சர்வர் பகுதி எழுதி, அதற்குள் ரிட்டர்ன் 301 என்று தொடங்கும் ஒரே வரியில் முதன்மைப் பெயரையும் ரெக்வெஸ்ட்-யூஆர்ஐ என்ற மாறியையும் கொடுத்தால் முடிந்தது. அந்த மாறிதான் பின்பகுதியை அப்படியே கடத்துகிறது. சிடிஎன், அதாவது பார்வையாளருக்கும் உங்கள் சர்வருக்கும் நடுவே நின்று பக்கங்களைக் கொடுக்கும் சேவை, வைத்திருப்பவர்கள் அதன் ரீடைரக்ட் விதியில் இதையே செய்யலாம், கோரிக்கை உங்கள் சர்வர் வரை வரவே தேவையில்லை.

ஏன் 301? நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று அது சொல்கிறது. தேடுபொறிகள் புதிய முகவரியை அசலாக எடுத்துக்கொள்ள இது வலுவான அடையாளம். ரீடைரக்ட் செய்தால் பேஜ்ரேங்க், அதாவது இணைப்புகளை வைத்து கூகுள் ஒரு பக்கத்துக்குத் தரும் மதிப்பு, கொஞ்சம் குறையும் என்ற பழைய பேச்சுக்கு, 30 என்று தொடங்கும் எண் கொண்ட ரீடைரக்ட் எதிலும் இழப்பு இல்லை என்று 2016இலேயே கூகுள் தரப்பில் பதில் சொல்லிவிட்டார்கள். 302 தற்காலிகமானது, தேடுபொறிக்கு அது பலவீனமான அடையாளமே. ஒரு விழாவுக்கான சின்னப் பெயர் இந்த மாதம் ஒரு பக்கத்துக்கும் அடுத்த மாதம் இன்னொன்றுக்கும் போக வேண்டும் என்றால் 302 சரி. 307, 308 இரண்டும் இவற்றின் கறாரான வடிவங்கள். 301 வரும்போது, தகவல் அனுப்பும் போஸ்ட் கோரிக்கையை, பக்கத்தைக் கேட்க மட்டும் செய்யும் கெட் ஆகப் பிரவுசர் மாற்றிவிடலாம், படிவத்தில் நிரப்பியது தொலைந்துபோகும். 308 அப்படி மாற்ற விடாது. பழைய பெயரில் மென்பொருள்கள் வந்து தகவல் அனுப்பும் ஏபிஐ ஏதாவது இருந்தால் அங்கே 308 போடுங்கள். வெறும் பக்கங்களுக்கு 301 போதும்.

301-இல் ஒரே ஒரு ஆபத்து உண்டு. பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான முகவரிக்கு 301 கொடுத்துவிட்டுப் பிறகு சர்வரில் திருத்தினாலும், ஏற்கெனவே வந்துபோனவரின் பிரவுசர் சர்வரைக் கேட்காமலே பழைய இடத்துக்குப் போகும். அதனால் முதலில் 302 வைத்துச் சோதியுங்கள், எல்லாம் சரியென்றதும் 301 ஆக்குங்கள். அல்லது முதல் வாரம், பதிலை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் கேஷ்-கன்ட்ரோல் வரியில் ஒரு மணி நேரம் என்று கொடுத்துவையுங்கள்.

சோதிப்பதற்கு பிரவுசரை நம்பாதீர்கள், அது பழைய நினைவிலிருந்து பதில் சொல்லும். கணினியில் கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில், சர்வரின் பதிலைக் காட்டும் கர்ல் கட்டளையைப் பெரிய ஐ தெரிவோடு கொடுத்து, டாட் நெட்டின் ஏதாவது ஓர் உள்பக்க முகவரியைப் போடுங்கள். முதல் வரியில் 301 இருக்க வேண்டும். லொகேஷன் என்ற வரியில் டாட் காமின் அதே உள்பக்கம், எச்டிடிபிஎஸ்ஸோடு, கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பது உட்பட முழுசாக இருக்க வேண்டும். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என்று ஒவ்வொரு பெயருக்கும் நான்கு வடிவங்கள் உண்டு. நான்கையும் பாருங்கள். டபிள்யூடபிள்யூடபிள்யூ வடிவத்தை மறந்துவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

தாவல்களை முடிந்தவரை ஒன்றாகக் குறையுங்கள். டாட் நெட் எச்டிடிபியிலிருந்து டாட் நெட் எச்டிடிபிஎஸ்ஸுக்கு, அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள டாட் காமுக்கு, அங்கிருந்து இல்லாத டாட் காமுக்கு என்று நீண்டால் ஒவ்வொரு தாவலும் பார்வையாளரின் நேரத்தைத் தின்னும். கூகுளின் ரோபோ பத்துத் தாவல்கள் வரை தொடரும், குரோம் இருபதோடு நிறுத்திக்கொள்ளும். முடிவே இல்லாமல் சுற்றினால் பெரும்பாலும் காரணம் சிடிஎன். சிடிஎன் உங்கள் சர்வரோடு எச்டிடிபியில் பேசுகிறது, சர்வர் எச்டிடிபிஎஸ்ஸுக்குப் போ என்கிறது, சிடிஎன் மறுபடி எச்டிடிபியில் வருகிறது. இரண்டுக்கும் இடையிலான இணைப்பையும் எச்டிடிபிஎஸ் ஆக்கினால் தீர்ந்துவிடும்.

சான்றிதழில் ஒரு பொறி

திருப்பிவிடத்தானே போகிறோம், அந்தப் பெயருக்கு எதற்குச் சான்றிதழ் என்று கேட்பவர்கள் மேலே சொன்ன பாதையை இன்னொரு முறை பார்க்கவும். சான்றிதழ் சோதனை முதலில், ரீடைரக்ட் பிறகுதான். எனவே எல்லாப் பெயருக்கும் வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது, ஒரே சான்றிதழில் 100 பெயர்கள் வரை சேர்க்கலாம்.

பொறி இருப்பது இந்த இடத்தில்தான். முதன்மைப் பெயரையும் பத்து உதிரிப் பெயர்களையும் ஒரே சான்றிதழில் போட்டுவிட்டீர்கள். பதினொன்றில் ஒன்றைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டீர்கள், அல்லது அதன் டிஎன்எஸ்ஸை யாரோ மாற்றிவிட்டார்கள். அடுத்த முறை சான்றிதழ் புதுப்பிக்கும்போது அந்த ஒரு பெயர் சரிபார்ப்பில் தோற்றால் மொத்தச் சான்றிதழும் கிடைக்காது. யாரும் கவனிக்காத ஒரு உதிரிப் பெயரால் முதன்மைத் தளம் எச்சரிக்கைப் பக்கமாக மாறி நிற்கும். முதன்மைப் பெயருக்குத் தனிச் சான்றிதழ், மற்றவற்றுக்கு வேறு என்று பிரித்து வையுங்கள். இதற்குக் கூடுதல் வேலை ஐந்து நிமிடம்தான்.

கையால் புதுப்பிக்கும் காலமும் போய்க்கொண்டிருக்கிறது. பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 398 நாளாக இருந்தது. 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. உதிரிப் பெயர்களுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு இல்லையென்றால் சமாளிக்க முடியாது. பெயர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

தமிழ் எழுத்திலேயே டொமைன் வாங்கியிருந்தால் சர்வரிலும் சான்றிதழிலும் அதன் பியூனிகோடு வடிவத்தைத்தான் எழுத வேண்டும், அதாவது எக்ஸ்என் என்று தொடங்கி இரண்டு சிறுகோடுகளோடு வரும் நீளமான வடிவம். மற்றபடி அதுவும் சாதாரண டொமைனேதான்.

மெயில்

தளத்தைத் திருப்பிவிட்டால் மெயிலும் தானாகத் திரும்பாது. மெயில் போவது, அதை எந்த சர்வர் வாங்கும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டைப் பார்த்து, அதற்கு 301 பற்றி ஒன்றும் தெரியாது. பழைய நிறுவனப் பெயரில் மெயில் வந்துகொண்டிருந்தால் எம்எக்ஸை விட்டுவையுங்கள், தொடக் கூடாது. ஃபார்வர்டிங்குக்காக, டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் நேம்சர்வரையே மாற்றச் சொல்லும் சேவைகளில் இது அடிபட்டுப்போகும். மாற்றும் முன் இருக்கும் ரெக்கார்டுகளை எல்லாம் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மெயிலே இல்லாத உதிரிப் பெயர் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பெயரிலிருந்து யாரும் மெயில் அனுப்ப மாட்டார்கள் என்று ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்டு, வந்தால் நிராகரி என்று ஒரு டிமார்க் ரெக்கார்டு. இல்லாவிட்டால் உங்கள் பெயரைப் போலவே இருக்கும் அந்தப் பெயரில் யாரோ உங்கள் வாடிக்கையாளருக்கு மோசடி மெயில் அனுப்பலாம். அந்தப் பெயரை வாங்கியதே அப்படி நடக்காமல் இருக்கத்தானே.

எந்தப் பெயர் முதன்மை? எதை விட்டுவிடலாம்?

வழியைத் தேர்ந்தெடுப்பதைவிட முதன்மைப் பெயரைத் தேர்ந்தெடுப்பது முக்கியமான முடிவு. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தளம் என்றால், வெளி இணைப்புகளும் பயனர்களும் அதிகம் இருக்கும் பெயரே முதன்மையாக இருக்கட்டும். இன்னும் அழகான பெயர் கிடைத்துவிட்டது என்பது மட்டுமே மாற்றுவதற்குக் காரணமாகாது. புதிய பெயரை வாங்கி பழையதுக்குத் திருப்பிவிட்டு ஓராண்டு பாருங்கள், மக்கள் எதைத் தட்டுகிறார்கள் என்று சர்வர் பதிவே சொல்லும். பிறகு திசையை மாற்றினாலும் தாமதமில்லை. உண்மையிலேயே பெயர் மாறுகிறது என்றால், பக்கத்துக்குப் பக்கம் 301 போட்டுவிட்டு, தள உரிமையாளர்களுக்கான கூகுள் சேவையான சர்ச் கன்சோலில் முகவரி மாற்றக் கருவியையும் பயன்படுத்துங்கள்.

ரீடைரக்டை எவ்வளவு காலம் வைத்திருப்பது? குறைந்தது ஓராண்டு என்பது கூகுள் சொல்லும் கணக்கு. அது தேடுபொறிக்கான கணக்கு மட்டும். மனிதர்களின் புக்மார்க்கும், அச்சான புத்தகத்தில் இருக்கும் முகவரியும், பிறர் தளத்தில் இருக்கும் இணைப்பும் ஓராண்டில் மாறிவிடாது. ஜெஃப் பெசோஸ் 1994இல் அமேசானுக்கு யோசித்து, பிறகு கைவிட்ட பெயர் ரிலென்ட்லெஸ். அந்த டாட் காமைத் தட்டினால் இன்றும் அமேசானுக்குத்தான் போகிறது. ஒரு காலத்தில் உண்மையிலேயே தளமாக இருந்த பெயரை, முடிந்தவரை விடாதீர்கள் என்பதே என் கருத்து. விட்டால் டாட் காம் போன்ற பொதுப் பெயர்கள் காலாவதியான பிறகு அதிகபட்சம் 45 நாள் சலுகை, அதன் பின் 30 நாள் மீட்புக் காலம், கடைசியாக 5 நாள் காத்திருப்பு என்று கடந்து யார் கைக்கும் போகலாம். வாங்குபவருக்கு உங்கள் பழைய இணைப்புகள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும். மெயிலும் அப்படியே. பழைய பெயரிலான மெயில் முகவரியை ஏதாவது கணக்கில் மீட்பு முகவரியாகக் கொடுத்திருந்தால், பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு நேராக அவருக்குப் போகும்.

பிழை எழுத்துக்காக வாங்கிய பெயர்கள் வேறு. ஓராண்டுப் பதிவைப் பார்த்து, மனிதர் யாரும் வராமல் ரோபோக்கள் மட்டுமே வந்துபோயிருந்தால் அடுத்த முறை புதுப்பிக்க வேண்டாம். ஆனால் விடுவதற்கு முன், அந்தப் பெயர் உங்கள் சான்றிதழ் பட்டியலில், சிடிஎன் விதிகளில், வேறு சேவைகளின் அனுமதிப் பட்டியலில் எங்கும் இல்லை என்று பார்த்து நீக்கிவிட்டு விடுங்கள்.